மூலக் காரணம்: வெயில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்குச் சின்னையன் பன்னிரண்டாயிரம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கக்கூஸ் தொட்டியில் விட்டான்.

கேளம்பாக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் உள்ள அடுக்குமாடி வளாகம் அது. ஆறு வருஷமாகத் தினம் இரண்டு லோடு அங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். ஒரு நாளும் ஒரு சொட்டு இடம் மாறி விழுந்ததில்லை. அன்றைக்கு மொத்தமும் மாறி விழுந்தது. தொட்டி ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருந்ததால் மேலே வரவேண்டியது மேலே வந்தது. பக்கத்துப் புல்தரையில் பாய் விரித்து, மல்லாந்து படுத்து, கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த பதினெட்டுப் பேர் முதலில் அதை மூக்கால் அறிந்தார்கள். பிறகு முதுகால் அறிந்தார்கள்.

புல்தரை என்றால் பிளாஸ்டிக் புல். வெள்ளிக்கிழமைதான் போட்டது. அதற்கு அடியில் வரிசையாக மூன்று இரும்பு மூடிகள். ஒரு ஓரத்தில் நல்ல தண்ணீர் சம்ப், நடுவில் தீயணைப்புத் தொட்டி, மறு ஓரத்தில் கக்கூஸ் தொட்டி. மூடிகள் கண்ணை உறுத்துகின்றன என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் தாமோதரன் மூன்றின் மேலும் வட்டம் வட்டமாகப் புல் வெட்டி ஒட்டச் சொல்லியிருந்தான். தாமோதரன் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர். தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை.

ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், புல் போடுவதற்கு முன்னாலும் சின்னையன் மூடியைப் பார்த்ததே இல்லை. அவன் பார்த்தது சாராளின் செருப்பை. சாராள் அந்த வளாகத்தைக் கூட்டித் துடைக்கிறவள். தரை துடைக்கும்போது வெறுங்கால்தான். காலை ஆறு மணிக்கு வந்ததும் நீல ரப்பர் செருப்பை நல்ல தண்ணீர் மூடியின் மேல் கழற்றி வைப்பாள். கக்கூஸ் மூடிமேல் செருப்பை வைக்கக்கூட அவளுக்கு மனசு வராது. ஆறு வருஷமாகச் சின்னையன் பக்கக் கண்ணாடியில் அந்த நீலத்தைத் தேடி, ரிவர்ஸ் எடுத்து, அங்கே பைப்பை இறக்கினான். அன்றைக்கும் நீலம் இருந்த இடத்தில்தான் இறக்கினான்.

மத்தியானம் குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால் இருவரும் நின்று பேசினார்கள். சாராள் ஐந்து மணி நேரம் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒற்றை ஆளாக அந்தப் புல்லைத் தேய்த்து முடித்திருந்தாள். கை இரண்டும் வெந்துபோயிருந்தன.

"உன் செருப்பு ஏன்மே அந்தாண்ட போச்சு?" என்றான் சின்னையன்.

"புல்லு மெத்துனு இருந்துச்சி. கால வச்ச எடத்துலியே கழட்டி உட்டுட்டேன். நீ இன்னா அண்ணாத்த, என் செருப்பப் பாத்துதான் லாரி ஓட்டிகினு இருந்தியா?"

"ஆறு வருசமா."

"மின்னாடியே சொல்லியிருந்தா நல்லதா ஒரு ஜோடி வாங்கிப் போட்டிருப்பேன்." சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தினாள். "இது வெளிய தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிரும்."

"நான் ஏன் சொல்லப்போறேன்? பைப்ப எறக்குனது என் கை. தப்பு என்னுது. ஒத்துகினு போயிருவேன்."

ஒத்துக்கொண்டால் முடிந்துவிடும் என்று அவன் நினைத்தான். அவன் வளர்ந்த இடத்தில் அப்படித்தான். மாமல்லபுரத்தில் கல் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் கை தவறிக் கல் உடைந்தால் மேஸ்திரி நாலு வார்த்தை திட்டுவார். வாங்கிக்கொண்டு அடுத்த கல்லைத் தூக்க வேண்டும். அந்தக் கற்கள் அவன் முதுகுத்தண்டைத் தின்ற பிறகுதான் லாரிக்கு வந்தான். இனிமேல் எதையும் தூக்க முடியாது. லாரி இல்லையென்றால் அவனுக்கு வேறு வேலை இல்லை.

லாரியின் முதலாளி மதார் சாகிப். கோவளம் ரோட்டில் ஷெட்டு. அன்று சாயங்காலம் அவர் சொன்னார்: "சங்கத்துல சம்பவம்னு எழுதிகிறாங்க. அந்த ஃபைலு மூடுற வரைக்கும் எந்த வண்டியும் உள்ள வரக்கூடாதாம். அத்த மூடி, உன்ன உள்ள வுட்டா, வண்டி உன்னுது. வுடலன்னா ஜுனைத்துக்குத்தான் சாவியக் குடுக்கணும். மச்சான் மவன், அவனும் லைசென்ஸ வச்சிகினு சும்மாதான் கீறான். என்னை இன்னா பண்ணச் சொல்ற?"

"நான் போய் மன்னிப்பு கேட்டுகினு வந்துர்றேன் பாய்."

"கேளு. நல்லா குனிஞ்சி கேளு. முதுவப் பாத்து."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வளாகத்துக் கூட்ட அறையில் விசாரணை. அதற்குள் சம்ப் வற்றிக் குழாயில் போர் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது. வந்திருந்தவர்கள் எல்லாருடைய தலைமுடியும் தேங்காய் நார் மாதிரி விறைத்து நின்றது. சங்கத் தலைவி சுஜாதா, பல் டாக்டர், நடுவில் உட்கார்ந்திருந்தாள். திவ்யா என்கிற பெண் லேப்டாப்பில் குறிப்பெடுத்தாள். சாராள் மூலையில் டீத் தட்டுடன் நின்றாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றான் தாமோதரன். "இங்க யாரும் யாரையும் குத்தம் சொல்லப் போறதில்ல. உக்காருங்க சின்னையன்."

ஞாயிற்றுக்கிழமை அதே வாய் அவனை 'யோவ்' என்றுதான் கூப்பிட்டது. இப்போது 'உக்காருங்க' என்றதைச் சின்னையன் நம்பவில்லை. உட்காராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தப்பு என்னுதுதான் சார். மன்னிச்சிருங்க. இனிமே பாத்து வுடுறேன்."

"அப்படிச் சொல்லக்கூடாது. மனுஷத் தவறுன்னு எழுதினா ஃபைல் மூடாது. அதுக்குப் பின்னாடி ஒரு மூலக் காரணம் இருக்கும். அஞ்சு தடவை ஏன்னு கேட்டா அது வெளிய வந்துடும்."

"நான்தான சார் வுட்டேன்?"

"நீங்கதான் விட்டீங்க. ஆனா தப்பு உங்களுது இல்ல."

"அப்ப யாருது சார்?"

"யாருதும் இல்ல."

பாயில் படுத்திருந்த பதினெட்டுப் பேரில் ஒரு பெரியவர், "அப்ப என் முதுகுல வந்தது?" என்று கேட்டார். சுஜாதா அவரைக் கையமர்த்தினாள்.

"முதல் ஏன்," என்றான் தாமோதரன். "ஏன் அந்த மூடியில பைப்பை இறக்கினீங்க?"

"மூடி மூணும் ஒண்ணாத்தான கீது சார்."

"நல்லது. ரெண்டாவது ஏன். ஏன் மூணும் ஒண்ணா இருக்கு?"

"மேல புல்லு ஒட்டிகிறீங்களே சார்."

திவ்யாவின் விரல்கள் நின்றன. அறையில் இருந்த எல்லாரும் தாமோதரனைப் பார்த்தார்கள். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தான்.

"புல் இதுல வராது. அது தோட்டக் கமிட்டி. இது தண்ணீர்க் கமிட்டி. அந்த ஏனை விட்டுடுவோம், வேற பக்கமாப் போவோம். திவ்யா, அடிச்சிடுங்க." அவன் சின்னையன் பக்கம் திரும்பினான். "மூணாவது ஏன். புல் வெள்ளிக்கிழமை வந்தது. அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் சரியான மூடியக் கண்டுபிடிச்சீங்களே, எதை வச்சு? அன்னிக்கு மட்டும் ஏன் தெரியல?"

மூலையில் சாராள் டீத் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சின்னையன் சாராளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான். சாயங்கால வெயில் கம்பி வழியாக உள்ளே விழுந்திருந்தது.

"வெயிலு சார்," என்றான். "அன்னிக்கு வெயிலு நேரா சைடு கண்ணாடில அடிச்சிது. கண்ணு கூசிப்போச்சு. ஒண்ணியும் தெரியல."

பச்சைப் பொய். ஞாயிற்றுக்கிழமை காலையில் வானம் மூடிக் கிடந்தது. தூறல்கூட விழுந்தது. அதே வானத்தின் கீழே மல்லாந்து படுத்திருந்த பதினெட்டுப் பேரும் இப்போது 'ஆமாம்' என்று தலையாட்டினார்கள்.

"வந்துட்டோம்," என்றான் தாமோதரன். குரலில் சந்தோஷம். "நாலாவது. ஏன் கண்ணாடியில வெயில் அடிச்சுது?"

"வண்டி கெழக்கப் பாத்தாப்புல ரிவர்ஸ் வருது சார்."

"அஞ்சாவது," என்றாள் திவ்யா, திரையைப் பார்த்தபடி. "சூரியன் ஏன் கிழக்குல இருந்தது?"

எல்லாரும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்கள்.

"காலைல அங்கதானே இருக்கும்," என்றாள் சுஜாதா.

"எழுதுங்க," என்றான் தாமோதரன். "மூலக் காரணம்: வெயில்." கைதட்டினார்கள். சாராள் டீ கொடுத்துக்கொண்டே சின்னையனைக் கடக்கும்போது, "சூரியனுக்கே சீட்டு கிழிச்சிட்டியே," என்று வாய்க்குள் சொன்னாள்.

தடுப்பு நடவடிக்கைகள் எழுதவே இரண்டு மணி நேரம் ஆனது. லாரி இனிமேல் சூரியன் உச்சியில் இருக்கும் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குள்தான் வர வேண்டும். டிரைவர் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். மூடிமேல் பெயிண்டில் எழுதலாமா என்று சுஜாதா கேட்டதற்கு, பெயிண்ட் பட்டால் புல்லுக்கு கேரண்டி போய்விடும் என்று தாமோதரன் சொல்லிவிட்டான். ஆகவே எந்த மூடி என்பது பேப்பரில் மட்டும் இருக்கும். டிரைவர் மூடிக்கு முன்னால் நின்று 'நல்ல தண்ணி மூடி' என்று மூன்று தடவை உரக்கச் சொல்ல, துப்புரவுப் பணியாளர் 'ஆமாம்' என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். படிவத்தில் மொத்தம் முப்பத்தொரு கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். முதலில் தண்ணீர் இல்லாமல் ஒரு ஒத்திகை. தண்ணீர் இருந்தால் தப்பு நடக்க வாய்ப்பு உண்டு என்பதால்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் காலி லாரி உள்ளே வந்தது. சின்னையன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். உருப்படியான தடுப்பு நடவடிக்கை ஒன்றே ஒன்று அங்கே இருந்தது. சாராள் காலையிலேயே செருப்பை நல்ல தண்ணீர் மூடியின் மேல் வைத்திருந்தாள். தாமோதரன் அதைப் பார்த்தான். "யாரோட செருப்பு இது? இடைஞ்சலா இருக்கு, எடுங்க," என்றான். சாராள் எடுத்தாள்.

பிறகு தாமோதரன் பேப்பரைப் படித்தான். "லாரிப் பக்கம் நின்று, இடமிருந்து முதல் மூடி."

சின்னையன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். "சார், அது கக்கூசு தொட்டி. நல்ல தண்ணி அந்தக் கடைசி."

"பேப்பர்ல தெளிவா இருக்கே."

"நீங்க எங்க நின்னு பாத்து எழுதுனீங்க?"

தாமோதரன் மேலே பார்த்தான். எதிர்ப் பக்கத்துக் கட்டடத்தில் நாலாவது மாடியில் அவனுடைய பால்கனி இருந்தது. அங்கே நின்றால் இடது வலதாகும், வலது இடதாகும். அது அவனுக்கும் புரிந்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் பேப்பரில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"திருத்தணும்னா விண்ணப்பம் போட்டு, கமிட்டி பாத்து, ஏழு நாள் ஆகும்," என்றான் மெதுவாக. "அது வரைக்கும் தண்ணி கிடையாது. இன்னிக்கு வெறும் ஒத்திகைதானே. போடுங்க."

சின்னையன் வெறும் பைப்பைக் கக்கூஸ் தொட்டியில் இறக்கி, 'நல்ல தண்ணி மூடி' என்று மூன்று தடவை கத்தினான். சாராள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று தடவை 'ஆமாம்' என்றாள். முப்பத்தொரு டிக்கும் விழுந்தன. போட்டோ எடுத்தார்கள். மறுநாள் நிஜ லோடு இதேபோல நடந்தால் ஃபைல் மூடப்படும் என்று சுஜாதா அறிவித்தாள்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் நிரம்பிய லாரியுடன் வந்து நின்றான். பால்கனிகளில் சனம் துண்டோடு நின்றது. ஓஸ் பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டே மதார் சாகிபுக்குப் போன் அடித்தான்.

"பாய், தப்பான தொட்டில வுடச் சொல்றாங்க."

"அவங்க வூடு, அவங்க தொட்டி. இன்னா சொல்றாங்களோ அத்தப் பண்ணு."

"பண்ணா பீ மேல வரும் பாய்."

"வந்தா அது அவங்க பேப்பரு பண்ணது. நீ மாத்தி வுட்டீன்னா அது நீ பண்ணது. எனக்கு சாவி யாராண்ட கீதுன்னுதான் பேச்சு. யோசிச்சிக்கோ."

யோசித்தான். பேப்பரில் இருப்பதைச் செய்தால் லாரி அவனுடையது. புல்லில் பீ மிதந்தாலும் லாரி அவனுடையது. முப்பத்தொரு டிக்கும் அவன் பக்கம் நிற்கும். கக்கூஸ் மூடியைத் திறந்து பைப்பின் வாயை உள்ளே விட்டான். மூன்று தடவை கத்தினான். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். சாராள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களில் ஞாயிற்றுக்கிழமை உரிந்த தோல் இன்னும் மூடவில்லை. வந்தால் அள்ளப் போவது தாமோதரன் இல்லை.

"இன்னாத்துக்கு இது," என்று தனக்குச் சொல்லிக்கொண்டு பைப்பை உருவி, இழுத்துக்கொண்டு போய், கடைசி மூடியைத் திறந்து இறக்கி, வால்வைத் திருப்பினான்.

"ஆமாம்," என்றாள் சாராள். "ஆமாம், ஆமாம்."

தண்ணீர் போனது. அரை மணியில் குழாய்களில் ஏறியது. ஐந்து நாளைக்குப் பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் சோப்பு நுரைத்தது. தாமோதரனும் குளித்தான். குளித்துவிட்டு ஈரத் தலையுடன் கீழே வந்து, இரண்டாவது சம்பவம் என்று எழுதினான்: டிரைவர் நடைமுறையை மீறினார்.

"தண்ணி சரியான எடத்துலதான சார் போச்சு?" என்றான் சின்னையன்.

"விளைவு சரி. முறை தப்பு."

இந்தத் தடவை யாரும் ஏன் என்று கேட்காமல் அன்றைக்கே ஃபைலை மூடினார்கள். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி சாமின் போனில் சின்னையன் பெயர் உள்ளே விடக்கூடாதவர்கள் பட்டியலில் சிவப்பாக மாறியது. அடுத்த பரிசீலனை மூன்று மாதம் கழித்து. அன்று மாலையே சாவி ஜுனைத்தின் கைக்குப் போனது.

சனிக்கிழமை ஜுனைத் வந்தான். முப்பது வயது, ஒழுங்கான ஆள். பேப்பரை வரி வரியாகப் படித்தான். "அத்தத் தொறக்காத நைனா, அது கக்கூசு," என்றாள் சாராள்.

"மாமா சொல்லிதான் அனுப்பிகிறாரு அக்கா. பேப்பர்ல இன்னா கீதோ அத்தான். முந்தின ஆளு சொந்தமா யோசிச்சிதான் சாவிய வுட்டாராம்."

மூன்று தடவை கத்தினான். சாராள் மூன்று தடவை 'இல்ல' என்றாள். படிவத்தில் 'ஆமாம்' என்பதற்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. பதில் வந்தது வந்ததுதானே என்று திவ்யா மூன்றையும் டிக் அடித்தாள்.

பத்து நிமிஷத்தில் புல்தரை மூழ்கியது.

தாமோதரன் மூக்கில் கைக்குட்டையுடன் படிவத்தை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தான். முப்பத்தொன்றும் சரியாக இருந்தன. "எல்லாம் முறைப்படி நடந்திருக்கு," என்றான். "அப்போ சம்பவம்னு எதுவும் இல்ல."

"அப்ப இது இன்னா சார்?" சாராள் துடைப்பத்தால் காட்டினாள்.

"அது..." தாமோதரன் யோசித்தான். "ஈரம்."

சம்பவம் இல்லாததால் ஸ்டோரிலிருந்து பிளீச்சிங் பவுடர் எடுக்க முடியவில்லை. ஈரத்துக்குப் பவுடர் கிடையாது. சாராள், "அப்ப ஈரம் தானா காயட்டும்," என்று துடைப்பத்தைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் வெயில் அதைக் காய வைத்தது. காய்ந்ததில் நாற்றம் இன்னும் மோசமானது. தண்ணீரும் இல்லை. எல்லாருடைய முடியும் மறுபடியும் நாரானது.

திங்கட்கிழமை காலையில் சுஜாதா மதார் சாகிபுக்குப் போன் செய்தாள். மதார் சாகிப் சின்னையனை ஷெட்டுக்கு வரவழைத்தார்.

"உன்னியத்தான் கேக்குறாங்க. பழைய ஆள அனுப்புன்றாங்க."

"செவப்புல கீறேனே பாய்."

"மூணு மாசத்துக்கு மாத்த முடியாதாம். அந்தச் செயலாளரே ஒரு வழி சொன்னான். ஜுனைத்து பேரு பச்சையா கீதாம். யாரு வேணா ஓட்டுங்க, கேட்டுல ஜுனைத்துன்னு சொல்லுங்கன்றான்."

"என் பேரு இன்னா பாய் தப்பு பண்ணிச்சி?"

"எனக்கின்னா தெரியும்? கேட்டுக்கு உள்ள நீ ஜுனைத்து. வெளிய வந்தா சின்னையன். வேணுமா, வேணாமா?"

சின்னையன் கையை நீட்டினான். பக்கத்தில் நின்ற ஜுனைத் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தான். மாமா அவனுக்கு வேறு ரூட்டில் வேறு வண்டி கொடுத்திருந்தார்.

"அண்ணாத்த, என் பேரு இப்பதான் பச்சையா கீது. கெடுத்துராத."

"உன் பேரால வுட்ட பீயத்தான் அந்த வூட்டு ஜனம் தாண்டிகினு நடக்குது. நான் இன்னா புதுசா கெடுக்கறது?"

பன்னிரண்டு மணிக்கு லாரி கேட்டில் நின்றது. சாம் கூண்டிலிருந்து இறங்கி வந்தான். ஆறு வருஷமாகத் தினம் இரண்டு தடவை சின்னையனுக்கு கேட் திறந்தவன். இவன் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். போனை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"பேரு?"

சின்னையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"ஜுனைத்து."

சாம் டைப் அடித்தான். பச்சை வந்தது. "போ பாய்," என்று சொல்லிவிட்டு கேட்டைத் தள்ளினான்.

உள்ளே திவ்யா படிவத்துடன் தயாராக நின்றாள். ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை அவளே டிக் போட்டுவிட்டு, டிரைவர் பெயர் என்ற இடத்தைக் காட்டினாள். அவன் நிதானமாக ஜுனைத் என்று எழுதினான். தாமோதரன் நாலாவது மாடியில், பால்கனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சின்னையன் பைப்பைக் கடைசி மூடிக்கு இழுத்தான்.

"இன்னா பாய், நாஸ்தா ஆச்சா?" என்றாள் சாராள்.

"ஆச்சி மே. ஆமான்னு சொல்லு, வால்வத் தொறக்கணும்."

"மொதல்ல உன் பேர இன்னொரு தபா சொல்லு. கேக்க நல்லா கீது."

அவன் சொல்லவில்லை. வால்வைத் திருப்பினான். பன்னிரண்டாயிரம் லிட்டரும் இறங்கி முடிய இருபது நிமிஷம் ஆகும். அதுவரை லாரியின் நிழலில் உட்கார்ந்திருந்தான்.